நெக் லிஃப்ட்: போனில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். தளர்ந்து தொங்கும் கழுத்தைச் சரிசெய்யும் நெக் லிஃப்ட் ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் முன்பும், முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் நோயாளிகள் போன் செய்தால் பெரும்பாலும் எடுப்பது நான்தான். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, வழக்கமாக நான் சொல்லும் பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். உங்கள் சர்ஜன் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொல்வதையே கேளுங்கள். உங்கள் கழுத்தைத் திறந்து பார்த்தவர் அவர்தான்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இதை அப்படியே தமிழாக்கினால் 'கழுத்துத் தூக்கு' என்று வருகிறது. ஏற்கனவே பயந்துபோய் வருகிறவர்களிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நெக் லிஃப்ட் என்றே இருக்கட்டும்.

1. நெக் லிஃப்ட்னா தொங்குற தோலை இழுத்து வெட்டித் தைக்கறதுதானே?

தோல் அதில் ஒரு பங்குதான். கழுத்தின் முன்பக்கத்தில் தோலுக்குக் கீழே கொழுப்புப் படலம், அதற்குக் கீழே பிளாட்டிஸ்மா என்ற தசை இருக்கிறது. மெல்லிய, அகலமான தசை. காறை எலும்புக்குச் சற்றுக் கீழே தொடங்கித் தாடை வரை ஏறும், வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. வயதாக ஆக இரண்டின் உள் ஓரங்களும் தளர்ந்து விலகி, கழுத்தின் நடுவே இரண்டு கயிறு நிற்பது போலத் தெரியும். பல்லைக் கடித்துக் கழுத்தை இறுக்கினால் கண்ணாடியிலேயே பார்க்கலாம்.

சர்ஜன் அந்த ஓரங்களை நடுவில் சேர்த்துத் தைப்பார், பக்கவாட்டில் காதுக்குப் பின்புறமாகவும் இழுத்துக் கட்டுவார். தேவைப்பட்டால் கொழுப்பைக் குறைப்பார். இதெல்லாம் முடிந்து மிஞ்சுகிற தோலை மட்டும் வெட்டிவிட்டு, இழுப்பு இல்லாமல் படியவைத்துத் தைப்பார். ஒரு காலத்தில் தோலை மட்டும்தான் இழுத்துத் தைத்தார்கள். தோல் மீள்தன்மை உள்ளது, பாரம் தாங்காது, சீக்கிரமே தளர்ந்துவிடும். ஸ்வீடன் நாட்டு சர்ஜன் டோர்ட் ஸ்கூக் 1974-இல் தோலையும் அடியில் உள்ள தசைப் படலத்தையும் ஒன்றாகத் தூக்கும் முறையை எழுதிய பிறகு எல்லோருடைய கவனமும் உள்ளே போனது.

2. நான் ஒல்லிதான். அப்புறம் எனக்கு எப்படி இரட்டைத் தாடை?

கொழுப்பு மட்டுமே காரணம் என்று நினைப்பதால் வருகிற குழப்பம் இது. நாக்குக்கு அடியில், குரல்வளைக்கு மேலே லாட வடிவில் ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே அது கொஞ்சம் தாழ்வாகவும் முன்னாலும் அமைந்திருக்கும். அவர்களுக்குத் தாடையும் கழுத்தும் சேரும் இடத்தில் மடிப்பு சரியாக விழாது. மோவாய் எலும்பு சின்னதாக, உள்வாங்கி இருந்தாலும் அப்படித்தான். தாடைக்குக் கீழே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பி இறங்கி உருண்டையாகத் தெரிவதும் உண்டு.

பக்கவாட்டில் பார்க்கும்போது அந்த மடிப்பு ஏறக்குறைய 105 முதல் 120 டிகிரிக்குள் இருந்தால் இளமையான கழுத்து என்பது சர்ஜன்கள் வைத்திருக்கும் ஒரு கணக்கு. எலும்பின் இடத்தை நெக் லிஃப்ட் மாற்றாது. ஆகவே எல்லோருக்கும் அந்தக் கோணம் கிடைத்துவிடாது. மோவாய் சின்னதாக இருப்பவர்களுக்கு அங்கே இம்ப்ளான்ட் என்ற செயற்கைத் துண்டு ஒன்றை வைத்தாலே கழுத்து பாதி சரியாகத் தெரியும். நெக் லிஃப்ட் கேட்டு வந்தவரிடம் மோவாயைப் பற்றிப் பேசினால் முதலில் கோபம்தான் வரும், ஆனால் காது கொடுத்துக் கேளுங்கள்.

இன்னொன்று. கழுத்தில் புதிதாக ஒரு பக்கம் மட்டும் வீங்கினாலோ, கட்டி கையில் தட்டுப்பட்டாலோ அது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. தைராய்டா, நெறிகட்டியா, உமிழ்நீர்ச் சுரப்பியா என்று முதலில் பார்க்க வேண்டும்.

3. கொழுப்பை மட்டும் உறிஞ்சி எடுத்தா போதாதா?

சிலருக்குப் போதும். தோல் நல்ல இறுக்கமாக இருந்து, கொழுப்பு தசைக்கு மேலேயே இருந்தால் லைப்போசக்ஷன் அருமையாக வேலை செய்யும். கொழுப்பு போன பிறகு தோல் தானே சுருங்கி ஒட்டிக்கொள்ளும். ஆனால் தோல் ஏற்கனவே தளர்ந்திருந்தால் உள்ளே இருந்த பஞ்சை எடுத்துவிட்ட தலையணை உறை மாதிரி ஆகிவிடும். கொழுப்பு மறைத்துக்கொண்டிருந்த கயிறுகளும் வெளியே தெரிய ஆரம்பிக்கும். தசைக்கு அடியில் உள்ள கொழுப்பை லைப்போசக்ஷன் குழாயால் பாதுகாப்பாக எடுக்க முடியாது. அங்கே நரம்பும் ரத்தக் குழாயும் இருப்பதால் கண்ணால் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

4. கத்தி வேண்டாம் சிஸ்டர், ஊசியிலயே சரி பண்ண முடியாதா?

கயிறு மாதிரித் தெரியும் தசைக்கு, அதைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி போடலாம், அமெரிக்காவில் 2024-இல் இதற்கென்றே அனுமதி கொடுத்தார்கள். மூன்று நான்கு மாதம் தாங்கும். மோவாய்க்கு அடியில் உள்ள கொழுப்பைக் கரைக்க டியாக்ஸிகோலிக் அமிலம் என்ற ஊசி இருக்கிறது, அதற்கு அனுமதி 2015-இல் வந்தது. மாத இடைவெளியில் பல தடவை போட வேண்டும், ஒவ்வொரு தடவையும் தாடை வீங்கும். அல்ட்ராசவுண்ட், ரேடியோ அலைக் கருவிகள் லேசான தளர்ச்சியைக் கொஞ்சம் இறுக்கும்.

இவை எதுவுமே தொங்கும் தோலை எடுக்காது. விரலால் பிடித்தால் தோல் தாராளமாகக் கைக்கு வருகிறது என்றால், ஊசிக்கும் கருவிக்கும் வருடக் கணக்கில் அலைந்துவிட்டுக் கடைசியில் ஆபரேஷனுக்கே வந்து நிற்பீர்கள். அப்படி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

5. இதுக்குச் சரியான வயசு என்ன?

வயதுக் கணக்கு கிடையாது. நாற்பதுகளின் கடைசியிலிருந்து அறுபதுகள் வரை அதிகம் பேர் வருகிறார்கள். எழுபதைத் தாண்டியவருக்கும் பிபி, இதயம், சர்க்கரை எல்லாம் கட்டுக்குள் இருந்தால் செய்யலாம். எடையைக் குறைக்கும் எண்ணம் இருந்தால் முதலில் குறைத்து, எடை சில மாதம் ஒரே நிலையில் நின்ற பிறகு வாருங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு பத்துப் பதினைந்து கிலோ குறைத்தால் தோல் மறுபடியும் தளர்ந்துபோகும்.

6. கழுத்தைச் சுத்தி வளையம் வளையமா கோடு இருக்கு. அதுவும் போயிடுமா?

போகாது. குறுக்குக் கோடுகள் தோலிலேயே பதிந்தவை, சிலருக்குக் குழந்தையிலிருந்தே இருக்கும். இழுக்கும்போது கொஞ்சம் மங்கலாம், அவ்வளவுதான். வெயிலால் வந்த கருமை, மெல்லிய சுருக்கம், சொரசொரப்பு இவையும் அப்படியே இருக்கும். அதற்கு லேசர் போன்ற வேறு சிகிச்சைகள்தான். இதைப் பலர் ஆபரேஷன் முடிந்த பிறகு கேட்கிறார்கள், முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

7. முகத்தை விட்டுட்டு கழுத்தை மட்டும் செய்யலாமா?

செய்யலாம். ஆனால் தாடைக் கோட்டில் இரண்டு பக்கமும் கன்னச் சதை இறங்கித் தொங்கினால் அது முகத்திலிருந்து வருவது, கழுத்தை இழுத்தால் ஏறாது. கண்ணாடி முன் நின்று காதுக்கு முன்னால் விரல் வைத்து லேசாக மேலே தள்ளிப் பாருங்கள். உங்களுக்குப் பிடித்த மாற்றம் அப்போதுதான் வருகிறது என்றால் நீங்கள் தேடுவது கீழ் முகமும் கழுத்தும் சேர்ந்த ஆபரேஷன்.

8. எங்கே வெட்டுவாங்க? தழும்பு வெளியே தெரியுமா?

மோவாய்க்கு அடியில் மடிப்பில் மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு ஒன்று. தோலையும் எடுக்க வேண்டும் என்றால் காது மடலைச் சுற்றிப் பின்பக்கமாகப் போய்த் தலைமுடிக்குள் மறையும் வெட்டு, இரண்டு பக்கமும். எல்லோருக்கும் எல்லா வெட்டும் தேவைப்படாது.

தழும்பு ஆறாவது வாரம் முதல் சில மாதம் வரை சிவந்து, சற்றுத் தடித்து இருக்கும். அந்த நேரத்தில் பார்த்து முடிவு கட்டாதீர்கள். முழுசாக மங்க ஒரு வருடம், சிலருக்கு ஒன்றரை வருடம் பிடிக்கும். வெயில் படாமல் காப்பது முக்கியம். காது குத்திய இடத்திலோ வேறு காயத்திலோ உங்களுக்கு முன்பு கீலாய்டு என்ற தடித்த தழும்பு வந்திருந்தால் அதை டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள்.

9. நாளைக்கு ஒண்ணு ரெண்டு சிகரெட்தான். அதனால என்ன?

இந்த ஆபரேஷனில் காதுக்குப் பின்னால் உள்ள தோலை அடியிலிருந்து பிரித்துத் தூக்குகிறார்கள். ஓரம் வரை போகிற ரத்தம் அப்போதே குறைவு. நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்கும், இருக்கிற கொஞ்ச ரத்தமும் போகாது. தோல் கறுத்துச் செத்துப்போய், ஆற மாதக் கணக்காகி, அகலமான தழும்பு விழும். குறைந்தது நான்கு வாரம் முன்பும் நான்கு வாரம் பின்பும் அறவே கூடாது. வேப் என்ற இ-சிகரெட், நிகோடின் சூயிங்கம், நிகோடின் பேட்ச், புகையிலை எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும்.

நிறுத்த முடியவில்லை என்றால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். பொய் சொல்லி ஆபரேஷன் மேசைக்குப் போவது உங்கள் தோலை வைத்து ஆடும் சூதாட்டம்.

10. எந்த மாத்திரையை நிறுத்தணும்?

ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள், வைட்டமின் ஈ, மீன் எண்ணெய், பூண்டு, ஜின்கோ மாத்திரைகள் ரத்தம் உறைவதைத் தடுக்கக்கூடியவை. இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். மூலிகை என்றும் சத்து மாத்திரை என்றும் வாங்குவதைப் பலர் மருந்தாகவே எண்ணுவதில்லை. வீட்டில் உள்ள எல்லா டப்பாவையும் பையில் போட்டு எடுத்து வாருங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

இதயத்துக்கோ பக்கவாதத்துக்கோ எழுதிக்கொடுத்த, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது. எழுதிக்கொடுத்த டாக்டரும் சர்ஜனும் பேசி முடிவு செய்வார்கள். பிபி மாத்திரையைப் பொதுவாக நிறுத்தவே கூடாது. காரணம் 13-இல் வருகிறது. எடை குறைக்க செமாக்ளுடைடு போன்ற ஊசி போடுகிறவர்கள் மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அது வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். பட்டினி இருந்தும் வயிற்றில் சாப்பாடு மிச்சம் இருந்தால், மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு.

11. முழு மயக்கமா? எவ்வளவு நேரம் ஆகும்?

முழு மயக்கத்திலும் செய்யலாம், இடத்தை மட்டும் மரக்கவைத்துத் தூக்கத்துக்கு மருந்து கொடுத்தும் செய்யலாம். இரண்டு மூன்று மணி நேரம், முகத்தோடு சேர்த்தால் இன்னும் அதிகம். அன்றே வீட்டுக்கு அனுப்புவதும் உண்டு, ஒரு இரவு வைத்திருப்பதும் உண்டு.

12. வலி தாங்க முடியுமா?

இதில் ஆச்சரியப்படுகிறவர்கள்தான் அதிகம். வலியைவிட இறுக்கம்தான் தெரியும். யாரோ கழுத்தில் கை வைத்துப் பிடித்திருக்கிற மாதிரி, விழுங்கும்போது இழுக்கிற மாதிரி இருக்கும். இரண்டு மூன்று நாளுக்கு வலி மாத்திரை, அப்புறம் பாராசிட்டமால் போதும். முதல் சில நாள் அதிகம் மெல்ல வேண்டாத மென்மையான உணவு சௌகரியம். வலி குறைந்துவந்து திடீரென்று ஏறினால் அது வேறு விஷயம், அடுத்த பதிலைப் படியுங்கள்.

13. முதல் ராத்திரி எதைக் கவனிக்கணும்?

இந்த ஆபரேஷனில் அதிகம் வரும் சிக்கல், தோலுக்கு அடியில் ரத்தம் கசிந்து தேங்குவது. வந்தால் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வரும். ஒரு பக்கம் மட்டும் சட்டென்று வீங்கும், கல் மாதிரி இறுகும், வலி ஏறிக்கொண்டே போகும், தோல் கருநீலமாகும். மூச்சு விடவோ விழுங்கவோ சிரமம், குரல் மாறுவது இவையெல்லாம் அவசரம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. அந்த நேரத்தில் போன் செய்யத் தயங்குகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: ராத்திரி இரண்டு மணிக்கு வீண் பயத்தில் வரும் பத்துப் போன்களை எடுக்க எனக்குச் சம்மதம், வராமல் போன ஒரு போன்தான் என்னைக் கலக்கும். மூச்சுத் திணறினால் போனில் எங்களைத் தேடாமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ரத்தம் கசிய முக்கியக் காரணம் பிபி ஏறுவது. வாந்தி, இருமல், குனிந்து பொருள் எடுப்பது, கழிவறையில் முக்குவது எல்லாமே பிபியை ஏற்றும். வலி மாத்திரைகள் சிலவற்றால் மலச்சிக்கல் வரும், ஆகவே அதற்கான மருந்தை முதல் நாளிலிருந்தே எடுங்கள். குமட்டல் வந்தால் அடக்கிப் பார்க்காமல் உடனே மாத்திரை கேளுங்கள். காதுக்குப் பின்னால் மெல்லிய குழாய் ஒன்று வைத்திருக்கலாம், ஓரிரு நாளில் எடுத்துவிடுவார்கள். அது கசிவதை வெளியே கொண்டுவரும், உள்ளே ரத்தம் தேங்குவதை முழுவதும் தடுக்காது. குழாய் இருக்கிறதே என்று அசட்டையாக இருக்க வேண்டாம்.

அதற்குப் பிறகான நாட்களில் காய்ச்சல், சீழ், நாற்றம், கெண்டைக்கால் வீங்கி வலிப்பது, நெஞ்சு வலி இவற்றில் எது வந்தாலும் தாமதிக்காமல் சொல்லுங்கள். நெஞ்சு வலி என்றால் நேராக அவசரப் பிரிவு.

14. எப்படித் தூங்கணும்? கழுத்துக்கு அடியில தலையணை வச்சுக்கலாமா?

மல்லாந்து, முதுகிலிருந்தே உயர்த்தி, 30 டிகிரி சாய்வில், இரண்டு வாரம். தலைக்கு மட்டும் இரண்டு மூன்று தலையணை அடுக்கினால் மோவாய் நெஞ்சில் போய் இடிக்கும். புதிதாகத் தைத்த மடிப்பு நசுங்கும், ரத்த ஓட்டமும் குறையும். மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே எப்போதும் இடைவெளி இருக்கட்டும்.

பகலில் இதைக் கெடுப்பது போன்தான். நாள் முழுக்க மடியில் போனை வைத்துக் குனிந்து பார்த்துவிட்டு, வீக்கம் ஏன் குறையவில்லை என்று அதே போனில் கேட்பார்கள். கண் உயரத்துக்குத் தூக்கிப் பிடியுங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு கட்டும் கழுத்துப் பட்டையை இறுக்கிக் கட்டினால் சீக்கிரம் குணமாகும் என்பதும் தப்பு. கட்டிய பிறகு இரண்டு விரல் நுழைய வேண்டும். அதிகம் இறுகினால் 9-இல் சொன்ன அதே கதைதான், தோலுக்கு ரத்தம் போகாது.

15. எப்போ தலைக்குக் குளிக்கலாம்? டை அடிக்கலாமா? ஷேவ் பண்ணலாமா?

கட்டை எடுத்த பிறகு, பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில், வெதுவெதுப்பான தண்ணீரில் மிதமான ஷாம்பூ போட்டு. சுரண்டக் கூடாது. காதுக்கு முன்னால் உள்ள தையலை ஒரு வாரத்துக்குள் பிரிப்பார்கள், பின்பக்கமும் தலைமுடிக்குள்ளும் உள்ளதைப் பத்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள். டைக்கு நான்கு வாரமாவது பொறுங்கள். ஷேவிங்குக்கு முதலில் எலக்ட்ரிக் ரேசர்தான், பிளேடு கூடாது.

ஏனென்றால் தோல் மரத்திருக்கும், வெட்டினாலும் சுட்டாலும் தெரியாது. ஹேர் டிரையர் சூட்டில் காது மடல் கொப்பளித்தும், ஐஸ் பையை நேராக வைத்துத் தோல் புண்ணாகியும் வந்தவர்கள் உண்டு. டிரையரைக் குளிர்ந்த காற்றில் வையுங்கள். ஐஸ் வைக்கலாமா என்று கேட்டுவிட்டு வையுங்கள், வைத்தால் துணியில் சுற்றி.

16. நெஞ்சு வரைக்கும் நீலமா இறங்குது. உள்ளே இன்னும் ரத்தம் கசியுதா?

பெரும்பாலும் இல்லை. கழுத்தில் கன்றியிருந்த ரத்தம் புவியீர்ப்பில் கீழே இறங்குகிறது. நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, இரண்டு மூன்று வாரத்தில் மறையும். தட்டையாக, வலி கூடாமல் இறங்கினால் கவலை இல்லை. மேடாக, இறுக்கமாக இருந்தால் 13-ஐப் பாருங்கள்.

17. பன்னிரண்டு நாள் ஆச்சு. கழுத்து கட்டை மாதிரி இருக்கு, ஒரு பக்கம் வீங்கியிருக்கு, மோவாய்க்கு அடியில உருண்டை உருண்டையா தட்டுது. தப்பா செஞ்சுட்டாங்களோ?

எனக்கு வரும் போன்களில் பாதி இதுதான், அதுவும் சரியாக இரண்டாவது வாரத்தில். முதல் வாரம் எல்லோரும் தைரியமாக இருக்கிறார்கள், காரணம் வீங்கும் என்று தெரிந்திருக்கிறது. நீலம் மறைந்து, தையல் பிரித்து, வேலைக்குப் போகத் தயாராகும்போது கண்ணாடியில் தெரிவது எதிர்பார்த்த கழுத்து இல்லை. அங்கேதான் மனம் உடைகிறது. காசையும் கொடுத்து வலியையும் வாங்கிக்கொண்டேனே என்று அழுதவர்கள் இருக்கிறார்கள். அதே ஆட்கள் நான்காவது மாதம் சிரித்துக்கொண்டே வந்து நின்றதையும் பார்த்திருக்கிறேன்.

நடப்பது இதுதான். பிரித்த இடமெல்லாம் உள்ளே ஒரு பெரிய காயம், அது ஆறும்போது முதலில் கெட்டியாகும், பிறகுதான் இளகும். நடுவில் போட்ட தையல் வரிசை மேடாகக் கைக்குத் தட்டும். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் வடியாது, நீங்கள் எந்தப் பக்கம் சாய்ந்து தூங்கினீர்களோ அந்தப் பக்கம் வீக்கம் கூடத் தங்கும். காலையில் அதிகமாகவும் சாயங்காலம் குறைவாகவும் தெரியும். கெட்டித்தனம் மூன்றாவது வாரத்திலிருந்து மெல்ல இளகும், ஆறு வாரத்தில் உருவம் தெரியும், மூன்று மாதத்தில் அநேகமாக வடிந்துவிடும். மசாஜ் செய்யலாம், ஆனால் சர்ஜன் தேதி சொன்ன பிறகு.

ஒரு விதிவிலக்கு. அழுத்தினால் தண்ணீர்ப் பை மாதிரித் தளும்பினால் அது உள்ளே கசிந்த நீர் தேங்கியதாக இருக்கலாம். ஊசியால் உறிஞ்சி எடுத்துவிடுவார்கள், சின்ன வேலை. வந்து காட்டுங்கள்.

கண்ணாடியைப் பற்றி என் யோசனை: தினம் பத்துத் தடவை பார்க்காதீர்கள். வாரத்துக்கு ஒரு நாள், அதே இடம், அதே வெளிச்சம், ஒரே கோணத்தில் ஒரு போட்டோ. நான்கு வாரப் போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் சொல்வதை நம்பத் தேவையே இருக்காது.

18. காது மடல் மரத்தே கிடக்குது. கம்மல் போட்டா தெரியவே மாட்டேங்குது.

காது மடலின் கீழ்ப்பகுதிக்கு உணர்வு கொடுக்கும் நரம்பு கழுத்தின் பக்கவாட்டுத் தசைமேல், காதுத் துளைக்குச் சுமார் 6.5 சென்டிமீட்டர் கீழே, தோலுக்கு ரொம்பப் பக்கத்தில் ஓடுகிறது. தோலைப் பிரிக்கும்போது சின்னக் கிளைகள் அறுபடும், நரம்பு இழுபடும். பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களில் உணர்வு திரும்பும். திரும்பும்போது ஊசி குத்துவது போல, எறும்பு ஊர்வது போல இருக்கும். அது நல்ல அறிகுறி. ஒரு சிலருக்கு ஒரு சிறு பகுதி நிரந்தரமாக மரத்தே இருந்துவிடும்.

19. சிரிச்சா வாய் ஒரு பக்கம் கோணுது. இது சரியாகுமா?

பயமுறுத்தும் விஷயம், ஆனால் பெரும்பாலும் தற்காலிகம். கீழ் உதட்டைக் கீழே இழுப்பதில் 1-இல் சொன்ன பிளாட்டிஸ்மாவுக்கும் பங்கு உண்டு. அதற்குப் போகும் நரம்புக் கிளை அயர்ந்துபோனால் பல் தெரியச் சிரிக்கும்போது ஒரு பக்கம் உதடு இறங்காது. சில வாரங்களில் திரும்பிவிடும். தாடை ஓரமாக ஓடும் இன்னொரு நரம்பு பாதிக்கப்பட்டாலும் இதே மாதிரிதான் தெரியும். அது குணமாக மாதங்கள் ஆகலாம், அபூர்வமாக நிரந்தரமாகவும் நிற்கலாம். எது என்று பிரித்துப் பார்ப்பது சர்ஜன் வேலை. போட்டோ அனுப்புவதோடு நிறுத்தாமல் நேரில் காட்டுங்கள்.

20. வேலை, வண்டி, ஜிம், விமானம் எல்லாம் எப்போ?

மேசை வேலைக்கு பத்து நாளிலிருந்து இரண்டு வாரம். வண்டி ஓட்ட, வலி மாத்திரை நின்றிருக்க வேண்டும், கழுத்தைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்க்க முடிய வேண்டும். நின்ற வண்டியில் உட்கார்ந்து முதலில் திருப்பிப் பாருங்கள். நடப்பது மறுநாளே நல்லது. ஓட்டம், எடை தூக்குவது, தலைகீழ் யோகாசனம் எல்லாம் நான்கிலிருந்து ஆறு வாரம் கழித்து. விமானப் பயணத்துக்கு இரண்டு வாரமாவது ஆகட்டும். ஊர் விட்டு ஊர் வந்து செய்துகொள்கிறவர்கள் தையல் பிரிக்கும்வரை தங்கிவிடுங்கள்.

21. ஆம்பளைங்களுக்கும் இதே மாதிரிதானா?

ஆபரேஷன் அதேதான், இரண்டு வித்தியாசம். ஆண்களுக்கு ரத்தம் தேங்கும் வாய்ப்பு அதிகம், தாடி வேர்களால் அந்தத் தோலில் ரத்த ஓட்டம் கூடுதல் என்பது ஒரு காரணம். ஆகவே 13-ஐ இரண்டு தடவை படியுங்கள். அடுத்தது, தோலைப் பின்னால் இழுக்கும்போது தாடி முளைக்கும் தோலும் காதுப் பக்கம் நகரும். காதுக்குப் பின்னாலும் ஷேவ் செய்ய வேண்டிவரலாம். சில ஆண்களுக்குக் காதுப் பக்க வெட்டே இல்லாமல், கழுத்தின் நடுவிலேயே தோலை எடுத்து வளைத்துத் தைப்பார்கள். சீக்கிரம் முடியும், தழும்பு முன்னால் இருக்கும்.

22. எத்தனை வருஷம் நிக்கும்?

பொதுவாகப் பத்து வருடத்தை ஒட்டிச் சொல்கிறார்கள். முதுமை நிற்காது. கடிகாரத்தைப் பின்னுக்கு வைத்தோம், அது அங்கிருந்து தொடர்ந்து ஓடும். எடை ஏறி இறங்குவது, வெயில், சிகரெட் மூன்றும் அந்த வருடங்களைத் தின்னும்.

23. வேற இடத்துல செஞ்சேன். இப்போ மோவாய்க்கு அடியில பள்ளமும் ரெண்டு பக்கமும் மேடுமா இருக்கு. மறுபடி சரி செய்ய முடியுமா?

நடுவில் கொழுப்பை அளவுக்கு மீறி எடுத்து, தசையையும் சேர்த்துத் தைக்காமல் விட்டால் இப்படி ஆகும். படமெடுத்த பாம்பின் கழுத்தோடு ஒப்பிட்டு இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். தசையை நடுவில் சேர்த்தோ, வேறு இடத்திலிருந்து கொழுப்பை எடுத்து நிரப்பியோ சரி செய்யலாம். முதல் ஆபரேஷனைவிடக் கடினம், தழும்புக்குள் வேலை செய்ய வேண்டும். ஆனால் முதல் ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். 17-இல் சொன்ன வீக்கத்தைப் பள்ளம் மேடு என்று நினைத்து அவசரப்படுகிறவர்களும் உண்டு. முதல் சர்ஜனிடம் ஆபரேஷன் குறிப்பைக் கேட்டு வாங்கி வாருங்கள், என்ன எடுத்தார், எதைத் தைத்தார் என்று அதில் இருக்கும்.

24. வீட்ல யாருக்கும் சொல்லல. தனியா வந்து செஞ்சுட்டுப் போயிடலாமா சிஸ்டர்?

சொல்லாமல் இருப்பது உங்கள் உரிமை, நாங்களும் யாரிடமும் சொல்ல மாட்டோம். ஆனால் தனியாக அனுப்ப மாட்டோம். மயக்க மருந்து கொடுத்தவரை ஆள் துணையில்லாமல் அனுப்பக் கூடாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஒரு பக்கம் வீங்குவது உங்களுக்கே முதலில் தெரியாது. கழுத்து மரத்திருக்கும், கட்டு போட்டிருக்கும், நீங்கள் அரைத் தூக்கத்தில் இருப்பீர்கள். எதிரில் உட்கார்ந்து பார்க்கிற ஒருவர் கண்ணுக்குத்தான் அது படும்.

நண்பரோ, தங்கையோ, ஒருவருக்கு மட்டும் சொல்லுங்கள். யாருமே இல்லை என்றால் முதல் இரவு ஆஸ்பத்திரியிலேயே தங்க ஏற்பாடு கேளுங்கள், அல்லது சம்பளத்துக்கு ஒரு நர்ஸை வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவரிடம் 13-ஆம் கேள்வியின் பதிலைக் காட்டி, எந்த எண்ணுக்கு போன் செய்ய வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள்.